கரிஜோ மக்கள்

தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பரந்து கிடக்கும் பெருநாடு பிரேசில். அதன் தென்பகுதியில், கடலை ஒட்டி, சாந்தா கத்தரீனா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே ஒருபுறம் காடு அடர்ந்த மலைத்தொடர், மறுபுறம் அலைகடல். இடைப்பட்ட குறுகிய சமவெளியில் ஆறுகளும் காயல்களும் மிகுதி. கரைக்கு அண்மையில் பெரியதொரு தீவும் உண்டு. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குவாரனி இனத்தார் இந்நிலத்தில் குடியேறி வாழ்ந்தனர். வடக்கே கனனேயா முதல் தெற்கே பாதோஸ் காயல் வரையில் பரவியிருந்த இக்கடற்கரைக் குவாரனியரை அயலார் ‘கரிஜோ’ என்று அழைத்தனர். அப்பெயரின் கதையே அம்மக்களின் கதையும் ஆகும்.

கரிஜோ மக்கள் உழவிலும் மீன்பிடித்தலிலும் வல்லவர். காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துத் திருத்தி, அதில் மக்காச்சோளம், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, அவரை, பூசணி, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டனர். நிலம் வளம் குன்றியதும் அதனைக் காட்டுக்கே விட்டு வேறிடம் நாடினர். பருத்த மரம் ஒன்றைக் குடைந்து தோணி செய்தனர். களிமண்ணால் பெரிய பானைகள் வனைந்தனர். இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அண்டை இனத்தாரோடு போரும் புரிந்தனர்.

மரவள்ளியை அவர்கள் பக்குவப்படுத்திய முறை வியக்கத்தக்கது. அக்கிழங்கின் ஒரு வகையில் நஞ்சு உண்டு. அவ்வாறே உண்டால் உயிருக்குத் தீங்காகும். கிழங்கைத் துருவி, பின்னிய நீண்ட பையில் இட்டுப் பிழிந்து, நஞ்சு கலந்த சாற்றை நீக்கி, எஞ்சியதை வறுத்து மாவாக்கினர். அம்மாவு நெடுநாள் கெடாது. நெடும்பயணத்திற்கு உகந்த கட்டுச்சோறு. நம் நாட்டில் இன்று விளையும் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. நாம் வழங்கும் ‘அன்னாசி’ என்னும் சொல்லும் தூப்பி-குவாரனி மொழிகளில் ‘நனா’ என வழங்கிய சொல்லே. போர்த்துக்கீசியர் வாய்வழி நம்மிடம் வந்து சேர்ந்தது.

1504ஆம் ஆண்டில் கோன்வில் என்னும் பிரெஞ்சு மாலுமியின் கப்பல் இக்கரையை அடைந்தது. அக்கப்பலின் பெயருக்கு ‘நம்பிக்கை’ என்பது பொருள். ஏறத்தாழ ஆறு திங்கள் அவர்கள் அங்குத் தங்கினர். அரோஸ்கா என்னும் தலைவன் அவர்களை விருந்தினராகப் போற்றினான். கப்பல் புறப்படும் நாளில், தன் மைந்தன் எசோமெரிக்கை அவர்களுடன் அனுப்பி வைக்க இசைந்தான். பிரெஞ்சுக்காரர்களின் கலைகளை மைந்தன் கற்று வருவான் என்பது தந்தையின் எண்ணம். இருபது திங்களுக்குள் அவனைத் திரும்பக் கொணர்வதாகக் கோன்வில் வாக்களித்தான். உடன் சென்ற நமோவா கடலிலேயே இறந்தார். பிரான்சு நாட்டுக் கரையை நெருங்கிய வேளையில் கடற்கொள்ளையர் தாக்கவே, கப்பலும் அழிந்தது. பயணக் குறிப்புகளும் அழிந்தன. மீண்டும் ஒரு கப்பலைச் செலுத்தக் கோன்வில்லுக்கு வழியில்லை. எசோமெரிக் அந்நாட்டிலேயே மணம் புரிந்து வாழ்ந்தான் என்பர். இருபது திங்கள் கழிந்தன. இருபது ஆண்டுகளும் கழிந்தன. கடலை நோக்கியிருந்த தந்தையிடம் மைந்தன் திரும்பவில்லை.

எசோமெரிக்கின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறிக்கொண்ட பாதிரியார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் இவ்வரலாற்றை அச்சிட்டார். இதன் உண்மையை ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். ‘கோன்வில் நாடு’ எங்குள்ளது என்பது அறியப்படாமையால், அதனைத் தேடிப் பிற்காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் தென்கடலில் அலைந்தன. அவ்வாறு சென்ற பூவே என்பவர் 1739ஆம் ஆண்டில் கண்டது பனி மூடிய சிறு தீவு ஒன்றையே!

கரிஜோ மக்களுக்குக் கடல் மட்டுமே வழி அன்று. கடற்கரையிலிருந்து மேற்கே காடுகளையும் ஆறுகளையும் கடந்து ஆண்டிஸ் மலைநாடு நோக்கிச் செல்லும் ‘பெயபிரு’ என்னும் நெடும்பாதையை அவர்கள் அறிந்திருந்தனர். 1516ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து இக்கரையில் தங்க நேர்ந்த அலெய்சோ கார்சியா என்னும் போர்த்துக்கீசியர், மேற்கே வெள்ளி மிகுந்த பேரரசு ஒன்று உண்டென இவர்கள் வாயிலாகக் கேள்வியுற்றார். ஏறத்தாழ 1524ஆம் ஆண்டில் குவாரனியர் துணையுடன் இன்கா பேரரசின் எல்லையை எட்டி, வெள்ளியுடன் திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். பிசாரோ இன்கா மன்னனைச் சிறைபிடித்தது 1532ஆம் ஆண்டில்தான். அவனுக்கு முன்பே ஐரோப்பியர் ஒருவரை அப்பேரரசின் எல்லை வரை நடத்திச் சென்றவர் குவாரனியர் என்பதை நூல்கள் பலவும் சொல்லாது விடுகின்றன.

1541ஆம் ஆண்டில் கபேசா தெ வாகா என்னும் ஸ்பானியத் தலைவர் இத்தீவில் இறங்கினார். அவர் சுமார் 250 பேருடன் தரைவழியே நடந்து, மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் பராகுவே நாட்டு அசுன்சியோன் நகரை அடைந்தார். வழிகாட்டியவரும், ஊர்தோறும் உணவு தந்தவரும் குவாரனியரே. அவ்வழியில்தான் அவர் பேரருவி ஒன்றைக் கண்டார். அதன் பெயரான இகுவாசு என்பதற்குக் குவாரனி மொழியில் ‘பெருநீர்’ என்பது பொருள்.

விருந்தோம்பியவருக்குக் கிடைத்த பரிசு விலங்கு. வடக்கே சான் விசென்தே, சான் பாவுலோ ஆகிய ஊர்களில் குடியேறிய போர்த்துக்கீசியருக்கு வயலில் உழைக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். கப்பல்களிலும் தரைப்படைகளிலும் வந்து கரிஜோ மக்களைப் பிடித்துச் சென்றனர். ஐரோப்பியரோடு வந்த புதுநோய்களும் ஊர் ஊராக உயிர்களைக் கவர்ந்தன. 1605ஆம் ஆண்டில் ஏசு சபைத் துறவியர் இருவர் இம்மக்களிடம் சென்றனர். துணிக்கும் கருவிக்கும் ஆசைப்பட்டுத் தம் இனத்தாரையே விற்கும் நிலைக்குச் சிலர் தாழ்ந்திருந்ததை அத்துறவியர் கண்டனர். அடிமை வாணிகம் பிடிபட்டவரை மட்டும் கெடுக்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் சான் பாவுலோவில் ‘கரிஜோ’ என்னும் சொல் ஓர் இனத்தைக் குறிப்பது நின்று, பிடித்து வரப்பட்ட எவ்வினத்துப் பழங்குடியையும் குறிக்கலாயிற்று. இன்று பிரேசில் நாட்டுச் சிற்றூரில் ‘கரிஜோ’ என்று வினவினால், கறுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிக்கோழியைக் காட்டுவர். மக்களின் பெயர் அடிமையின் பெயராகி, பின்னர்க் கோழியின் பெயராயிற்று.

ஆயினும் அம்மக்கள் விட்டுச் சென்றவை அக்கரையில் மறையவில்லை. 1748ஆம் ஆண்டு முதல் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய போர்த்துக்கீசியர், கோதுமைக்கு மாறாக மரவள்ளி மாவை உண்ணவும், ஒற்றை மரத்தோணியில் மீன் பிடிக்கவும் கற்றனர். கரோபாபா, இதஜாயி, இம்பிதூபா முதலிய ஊர்ப்பெயர்கள் இன்றும் பழங்குடியினர் மொழியிலேயே ஒலிக்கின்றன. கரோபாபா என்பது தோணிகள் தங்கும் இடம் எனப் பொருள்படும் என்பர்.

கரிஜோ இனம் அழிந்தொழிந்தது என்று எழுதுவோர் உளர். கரிஜோ என்னும் பெயரில் ஊர்கள் இல்லை என்பது மெய். குவாரனியர் இல்லை என்பது மெய்யன்று. பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா ஆகிய நாடுகளில் அவ்வினத்தார் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டு வாழ்கின்றனர். பராகுவே நாட்டின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஸ்பானியத்தோடு குவாரனியையும் ஆட்சிமொழியாக ஏற்றது.

சாந்தா கத்தரீனாக் கரையில், அத்தீவுக்கு எதிரே, ‘குதிரைக் குன்று’ எனப் பொருள்படும் மோரோ தோஸ் கவாலோஸ் என்னும் இடத்தில் குவாரனியர் வாழ்கின்றனர். நாட்டின் நெடுஞ்சாலை ஒன்று அக்குன்றின் நடுவே செல்கிறது. அவர்கள் அயல்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள். நிலத்தில் உரிமையற்றவர்கள் என்று எதிர்ப்போர் வாதிட்டனர். எல்லைக்கோடுகள் தம் பழம்பாதையின் குறுக்கே பின்னர் வரையப்பட்டவை என்பது குவாரனியரின் மறுமொழி. பெயபிருவை அறிந்தவர்க்கு இம்மறுமொழி விளங்கும். 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு பழங்குடியினரின் நில உரிமையை ஏற்றபோதிலும், இக்குன்றைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நீண்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணையால் சுமார் 2,000 ஹெக்டேர் நிலம் அவர்களுக்கு உறுதியாயிற்று. அக்குன்றில் உள்ள பள்ளியில் சிறுவர் குவாரனி மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் பாடம் கற்கின்றனர்.