இரவு ஏழு மணி நிகழ்ச்சியைப் பகலுக்கு மாற்றுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கல்லூரி மாணவர்களையும் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களையும் மூன்று நாள் ஒன்றாகத் தங்கவைத்து, காட்டையும் பண்பாட்டையும் கற்கவைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் பகல் முழுக்க அதிகாரிகளும் பேராசிரியர்களும் பேசுகிறார்கள்; பழங்குடியினர் இரவு ஏழு மணிக்கு ஆட மட்டும் வருகிறார்கள். அவர்களைப் பகலில் ஆசிரியர்களாக உட்காரவையுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நீலகிரி 1986-ல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமானது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். ஒரு தோடர் இளைஞர் புல்வெளியில் நின்று பேசட்டும். அவர்கள் கோயில் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல் வேண்டும். அந்தச் சதுப்புகளைத் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் சுருக்கிவிட்டன. தோல் பதனிட நட்டு வளர்த்த சீகை மரம் எருமை மேய்ந்த புல்வெளிகளில் பரவிவிட்டது. சதுப்பு போனால் கோயிலுக்குக் கூரை இல்லை. சூழலியல் வேறு, வழிபாடு வேறு என்று உங்கள் நிரல் இரண்டு அமர்வுகளாகப் பிரித்திருப்பது அந்த மலையில் ஒரே விஷயம்.

உண்ணிச்செடி பற்றிய அமர்வுக்குச் சத்தியமங்கலம் பக்கத்துச் சோளகர்களையும் அழையுங்கள். கர்நாடக எல்லைக்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்கு இலேசாகத் தீ வைப்பது தங்கள் வழக்கம் என்றும், அதைத் தடுத்த பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்றும் சொல்கிறார்கள். தீ என்றாலே காட்டுக்குக் கேடு என்று படித்த மாணவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இருக்கட்டும். வன அலுவலர் ஒருவரையும் சோளக இளைஞர் ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு முழுக் காலையை அதற்குக் கொடுங்கள். 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி அந்த மலைச் சோளகர்கள் 2011-ல் சமூக வன உரிமை பெற்றதையும் அங்கேயே பேசுங்கள். காட்டுக்குள் போக உரிமை இல்லாதவரிடம் காட்டறிவு எத்தனை தலைமுறைக்கு நிற்கும்?

தேன் எடுப்பதைச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பாறை விளிம்பிலிருந்து கொடியில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பர், மேலே கயிற்றைக் காக்க மனைவியின் சகோதரனையே நிறுத்துவார் என்பார்கள். தன் அக்காவோ தங்கையோ தாலியறுக்கும்படி அவன் விடமாட்டான். அப்படியொரு உறவின் மேல் நிற்கும் வேலையை வேடிக்கைக்காகச் செய்யச் சொல்லக்கூடாது. அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று எனக்கு முக்கியம். மலையில் பல பிள்ளைகள் சின்ன வயதிலேயே உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பாட்டி எந்தக் கிழங்கை எப்போது தோண்டுவாள் என்று பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஆகவே பழங்குடி இளைஞர் என்றாலே எல்லாம் அறிந்தவர் என்று எண்ணி உங்கள் மாணவர்கள் கேள்விகளால் துளைக்க வேண்டாம். முதல் நாளை அவர்களுக்கும் அவர்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் மட்டுமே விடுங்கள். உங்கள் மாணவர்கள் மறுநாள் வந்தால் போதும். செலவில் பாதி இதற்கே போனாலும் நான் வருந்தமாட்டேன்.

பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அந்தப் பெரியவர்களுக்கும் கொடுங்கள். எங்கே நடக்கலாம், எதைப் படம் எடுக்கக்கூடாது என்பதை முன்னதாகவே போய்க் கேட்டு வாருங்கள். அவர்கள் மறுக்கும் இடத்தை நிரலிலிருந்து நீக்கிவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். தேதியையும் அவர்களே சொல்லட்டும். தேன் பருவத்தில் ஆட்கள் காட்டில் இருப்பார்கள்.

திருத்திய நிரலை அனுப்புங்கள்.

அன்புடன்.