காய்ந்த செடி சொல்லும் சாட்சி

மேற்குத் தொடர்ச்சி மலையில் 1994-லும் 2006-லும் 2018-லும் குறிஞ்சி பூத்தது. அடுத்து எப்போது? 2030 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால், எழுபது வயது வாழ்பவர்கூட இப்பூவை ஐந்தாறு முறைதான் காண முடியும். நூறாண்டுக்கு முன் பூத்ததற்கு யார் சாட்சி?

காய்ந்த செடிதான் சாட்சி!

தாவரவியலார் பூவும் இலையும் உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்துவார்கள். பிறகு தடித்த தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டு எழுதுவார்கள். செடியின் பெயர், இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவை அதில் இருக்கும். இத்தாள்களைக் காக்கும் இடமே ஹெர்பேரியம், அதாவது உலர்தாவரத் தொகுப்பு. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மதராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் நீலகிரியில் செடிகளைச் சேகரித்த ராபர்ட் வைட்டின் தாள்கள் கியூவிலும் எடின்பரோவிலும் உள்ளன.

குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை தந்து மடியும் புதர்ச்செடி இது. எனவே பூவுள்ள தாள்களின் தேதிகளை வரிசைப்படுத்தினால் இடைவெளி தெரியும்.

நடுவில் ஓர் ஆண்டில் பூத்த தாள் கிடைத்தால் கணக்குத் தவறா? அவசரப்படாதீர்கள். குறிஞ்சிப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. அவை பூக்கும் இடைவெளியும் வேறுவேறு. வேறு மலைச்சரிவில் உள்ள கூட்டம் வேறு ஆண்டில் பூப்பதும் உண்டு. தாளிலுள்ள பூவை உருப்பெருக்கியால் மறுபடி ஆராய்ந்து இனத்தைச் சரிபார்க்கலாம். சீட்டைப் படித்து இடத்தை அறியலாம். வெறும் குறிப்பேட்டில் ‘குறிஞ்சி பூத்தது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இது முடியுமா?

இன்னொரு கேள்வி. ஓர் ஆண்டுக்குத் தாளே இல்லையென்றால், அவ்வாண்டு பூக்கவில்லை என்று பொருளா? இல்லை. அந்த ஆண்டு யாரும் மலையேறிச் சேகரிக்காமலும் இருந்திருக்கலாம்.

நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டமாகவும், சீகை, தைல மரக் காடாகவும் மாறிவிட்டது. பழைய சீட்டில் கண்ட இடத்தில் இன்று தேயிலை நின்றால், அங்கே குறிஞ்சி இருந்ததற்கு அந்தத் தாளே ஆதாரம். மீதியுள்ள குறிஞ்சியைக் காக்க, 2022-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே அதைப் பறிக்காதீர்கள்.

வேலியோர உண்ணிச்செடியின் கிளை ஒன்றை உலர்த்தி ஒட்டிப் பழகுங்கள். சீட்டை அன்றே எழுதிவிடுங்கள். நாளும் இடமும் இல்லாத தாள் வெறும் சருகுதான்!