குட்டிச்சாத்தானும் சுட்டிச் சாத்தானும்

குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்ட மாயாஜாலப் பேய்ப் படங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அவற்றுள் தலைசிறந்தது 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வெளியான 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் மலையாளப் படம். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமும் அதுவே. 2010ஆம் ஆண்டில் அப்படமே புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு, 'சுட்டி சாத்தான்' என்ற பெயருடன் தமிழில் வந்தது. மூலத்தையும் புதுப்பித்த படத்தையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு மலையாளப் படம் அந்நியமன்று. குமுளி மலை ஏறினால் மறுபுறம் கேரளம். ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் செல்லும் நம் தாய்மார்கள் மலையாளம் பேசக் கூச்சப்பட்டாலும் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். இன்னொரு உறவும் உண்டு. அப்படத்திற்கு இசையமைத்தவர் நமது பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. ஒளிப்பதிவு அசோக்குமார். கதை எழுதியவர் ரகுநாத் பலேரி. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவருடைய மகன் ஜிஜோ இயக்கினார்.

கதை எளியது. கொடிய மந்திரவாதி ஒருவன் குட்டிச்சாத்தானை மந்திரத்தால் அடிமைப்படுத்தி வைத்திருக்கிறான். லட்சுமி என்ற சிறுமியும் இரண்டு சிறுவர்களும் தற்செயலாக அவனை விடுவித்து விடுகிறார்கள். நால்வரும் நண்பர்களாகிறார்கள். மந்திரவாதி விடுவானா? பின்தொடர்ந்து வருகிறான்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'சாத்தான்' என்றதும் நம் பள்ளியில் பலருக்கும் திருவிவிலியமே நினைவுக்கு வரும். அச்சொல் எபிரேய மொழியிலிருந்து வந்தது. எதிராளி என்பது அதன் பொருள். ஆனால் கேரளத்துச் சாத்தான் வேறு. 'சாத்தன்' என்பது பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலையை இயற்றியவரின் பெயரே சீத்தலைச் சாத்தனார் அல்லவா? ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்றொரு தெய்வம் வருகிறது. மாலதி என்பவள் மாற்றாளின் குழந்தைக்குப் பாலூட்டும்போது அது விக்கி இறந்துவிடுகிறது. அவள் கோயில் கோயிலாகச் சென்று அழுகிறாள். அப்போது அத்தெய்வமே இறந்த குழந்தையின் உருவெடுத்து அவள் மடிக்கு வருகிறது. இதனை எங்கள் தமிழாசிரியையாகிய அருட்சகோதரி விளக்கியபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அழுகிறவளிடம் குழந்தையாக வந்து சேரும் சாத்தன் அத்தனை பழையவன்! அவன் நரகத்திலிருந்து வந்தவன் அல்லன் என்று இனி வீட்டில் தாராளமாகச் சொல்லலாம்.

மலையாளப் பெயரில் 'குட்டி' இருக்கிறது. 'மை டியர்' என்ற செல்லமும் இருக்கிறது. அவன் சிறியவன், அடிமைப்பட்டவன், பிள்ளைகளுக்கு அருமையானவன் என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிடுகின்றன. தமிழில் 'குட்டி' போய்ச் 'சுட்டி' வந்தது. சுட்டி என்றால் குறும்புக்காரன். ஓரெழுத்துதான் மாறியது, ஆனால் இரக்கப்பட வேண்டியவன் வேடிக்கை காட்டுபவனாகி விட்டான். 1998இல் இந்தியில் வந்தபோது அவன் பெயர் 'சோட்டா சேத்தன்'. சேத்தன் என்பது வடநாட்டில் எந்தப் பையனுக்கும் வைக்கக்கூடிய பெயர். அங்கே பேயே காணாமற் போயிற்று. பயத்தைக் குறைத்தால் கூட்டம் கூடும் என்று எண்ணினார்கள் போலும்.

படம் எடுத்த முறையையும் அறிவியல் மாணவியராகிய நாம் அறிய வேண்டும். நம் இரு கண்களும் சற்று விலகியிருப்பதால் ஒரே பொருளை இரண்டு கோணங்களில் காண்கின்றன. மூளை அவற்றை இணைப்பதால் ஆழம் தெரிகிறது. அவ்வாறே இரு கண்களுக்குரிய இரு பிம்பங்களையும் படச்சுருளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதித்து, வெள்ளித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தனர். பார்ப்பவர் அணியும் கண்ணாடி அந்தந்தப் பிம்பத்தை அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் அனுப்பும். ஒருவர் அணிந்த கண்ணாடியை அடுத்தவர் அணிந்தால் 'மெட்ராஸ் ஐ' வரும் என்ற பேச்சும் அக்காலத்தில் கிளம்பியதாம்.

நாங்கள் இரு படங்களையும் பார்த்தது வீட்டில், கண்ணாடி இல்லாமல். திரையிலிருந்து நம் மூக்கிற்கு நேரே வர வேண்டிய பொருள்கள், இப்போது யாரோ காரணமின்றிக் கையை நீட்டுவதைப் போலத் தோன்றுகின்றன. அந்த வித்தை போய்விட்டது. ஆனால் பிள்ளைகள் பாடிக்கொண்டே சுவரிலும் கூரையிலும் நடக்கும் காட்சி மட்டும் கண்ணாடியில்லாமலும் வாயைப் பிளக்க வைக்கிறது. அதற்குக் கணினி ஏதும் உதவவில்லை. கலை இயக்குநர் கே.சேகர் ஓர் அறையையே சுழலும்படி அமைத்தார். கேமராவும் அறையோடு சேர்ந்து சுழலும். ஆகவே அறை அசையாமல் நிற்பதாகவும் பிள்ளைகளே சுவரில் ஏறுவதாகவும் நமக்குத் தெரிகிறது. பிள்ளைகள் உண்மையில் எப்போதும் கீழே உள்ள பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தனர்.

இனிப் புதிய படத்துக்கு வருவோம். வழக்கமாக ஒரு படத்தை மீண்டும் எடுப்பவர்கள் புதிய நடிகர்களை வைத்து முழுவதையும் எடுப்பார்கள். ரோல்ட் டால் எழுதிய 'தி விட்ச்சஸ்' என்ற சூனியக்காரிகளின் கதையை 1990இல் ஒரு முறையும் 2020இல் மறுமுறையும் அப்படித்தான் எடுத்தார்கள். எலியாக மாற்றப்பட்ட சிறுவன் முதற்படத்தில் மறுபடியும் சிறுவனாகிறான். இரண்டாவதில், நூலில் உள்ளபடியே, எலியாகவே இருந்து விடுகிறான். நம் குட்டிச்சாத்தானுக்கு நடந்தது இதுவன்று. பழைய குழந்தைகளின் காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே பிரகாஷ்ராஜ், சந்தானம் ஆகியோர் நடித்த காட்சிகளைச் சேர்த்தனர். வீட்டை இடிக்காமல் முன்னால் ஒரு திண்ணையைக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் திறமை மிக்க நடிகர்கள். இக்காலத்தவரைத் திரையரங்கிற்கு வரவழைக்க அவர்கள் தேவைப்பட்டிருக்கலாம். எனினும் ஒட்டு தெரிகிறது. 1984இன் நிறமும் 2010இன் நிறமும் ஒன்றாகவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பழைய படத்தில் பெரியவர்கள் எவரும் பிள்ளைகளுக்குத் துணையில்லை. அதனால்தான் பேயைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். இடையிடையே நமக்குத் தெரிந்த பெரியவர்கள் வந்து போனால் அந்தத் தனிமை கலைந்து விடுகிறது. சிரித்து முடித்து மீண்டும் லட்சுமியிடம் திரும்பும்போது பயம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

லட்சுமிக்கு என்ன பயம்? மந்திரவாதி என்றுதான் முதலில் நினைத்தோம். அவன் வரும் காட்சிகளில் சின்ன வகுப்புத் தங்கைகள் கண்களை மூடிக்கொள்வார்கள் என்பது உண்மையே. ஆனால் அவள் பயம் வீட்டில் இருக்கிறது. அவளுடைய அப்பா குடிக்கிறார். குட்டிச்சாத்தானோ எவ்வளவு மதுவையும் குடித்துத் தீர்க்கக் கூடியவன். அவன் குடித்துவிட்டால் அப்பாவுக்கு மிஞ்சாதே என்பது அவள் கணக்கு. அவள் அவனை நேசிப்பதற்கு முதற்காரணமே இதுதான். பத்து வயதுப் பிள்ளை போடும் கணக்கு! வகுப்பில் இதைப் பேசியபோது சிலர் சிரித்தோம், சிலர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. நம் பக்கத்து ஊர்களில் கூலி கிடைக்கும் சனிக்கிழமை மாலை எப்படியிருக்கும் என்று இதைப் படிக்கும் பெற்றோர் அறிவார்கள்.

மந்திரவாதியை மந்திரத்தால் வெல்லலாம். ஆனால் ஒரு புட்டியைச் சாத்தான் காலி செய்தால் கடையில் அடுத்த புட்டி இருக்கிறது. இந்த இடத்தில் மூலக்கதை மிகவும் உண்மையாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து. புதிய படமும் நல்ல வேளையாக இதில் கைவைக்கவில்லை. புதுக்காட்சிகளை எல்லாம் கத்தரித்து எறிந்தாலும் இப்பகுதி குறையாமல் நிற்கும்.

அந்தப் படத்தில் நடித்த சோனியா, அரவிந்த், சுரேஷ், முகேஷ் ஆகிய நால்வருக்கும் அவ்வாண்டின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. 'சுட்டி சாத்தான்' வந்தபோது அவர்கள் முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். படத்தில் லட்சுமி அதே சிறுமிதான். அப்பா வரும் ஓசைக்காகக் காத்திருக்கிறாள்.