குதிரையின் நலமறிதலும் முதலுதவி ஆயத்தமும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் பகுதியான மாதாப்பூரில் 1998ஆம் ஆண்டு ஹைடெக் சிட்டி திறக்கப்பெற்றது. சுற்றிலும் மாடிக் கட்டிடங்கள் எழுந்தன. எனினும் மணமகனைச் சுமந்துவரும் ஊர்வலக் குதிரை இந்நகரினின்று மறையவில்லை. மேளச் சத்தத்தினிடையே தார்ச்சாலையில் நிற்கும் அப்பிராணிக்கு இரவில் நோய் கண்டால், கால்நடை மருத்துவர் வரும்வரை அதனைக் காக்க வேண்டியவர் லாயக்காரரே.

நோயை அறிய, நலமாயிருந்தபோது குதிரை எவ்வாறிருந்தது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். வளர்ந்த குதிரை ஓய்வாக நிற்கையில் நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை. சுவாசம் 8 முதல் 16 வரை. வெப்பநிலை 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட். கீழ்த்தாடை எலும்பின் உட்புற ஓரத்தில் விரல் நுனிகளை மெல்ல அழுத்தினால் நாடி புலப்படும். கட்டைவிரல் ஆகாது, அதன் சொந்தத் துடிப்பே கணக்கைக் குழப்பும். ஈற்றை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். இவற்றை வாரந்தோறும் குறித்துவைக்கும் சிற்றேடு, அலமாரி நிறைந்த மருந்தினும் மேலானது.

அவசர நோய்களுள் அஞ்சத்தக்கது சூலை எனப்படும் வயிற்றுவலி. இரைப்பை வாயிலின் தசைவளையம் மிக இறுக்கமானதாகையால் குதிரையால் வாந்தியெடுக்க இயலாது; தேங்கிய தீனியும் வாயுவும் இரைப்பையையே கிழித்துவிடக் கூடும். தரையைக் குளம்பால் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், புரளுதல், சாணமிடாமை ஆகியன அடையாளங்கள். ஓய்விலும் நாடி 60ஐத் தாண்டுமாயின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. உடனே தீனியை அகற்றி, மருத்துவருக்குச் செய்தி அனுப்புக. மெதுவாகச் சிறிது நேரம் நடத்தலாம். களைத்த பிராணியை இரவு முழுதும் நடத்துவது வெறும் வதையே. எண்ணெயையோ கஷாயத்தையோ புட்டியால் வாயில் ஊற்றும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். களப்பணியாளர் முதலில் மாற்ற வேண்டியது இப்பழக்கத்தையே.

இரத்தம் பெருகும் காயத்தின்மீது தூய துணியை வைத்து இறுக்கிக் கட்டுக. நனைந்தால் அதனை எடுக்காமல் மேலே மற்றொன்று சுற்றுக. குதிரை ரணஜன்னிக்கு எளிதில் இரையாவதால், தடுப்பூசி போட்ட தேதியும் மேற்சொன்ன ஏட்டில் இருத்தல் நலம். வெப்பமானி, பஞ்சு, கட்டுத்துணிச் சுருள்கள், உப்புநீர், கத்தரிக்கோல், மின்விளக்கு, உதிரித் தலைக்கயிறு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை ஒரு பெட்டியில் இருந்தால் போதும்.

மூக்கில் புண்ணும் சீழ்ச்சளியும், தோலில் வரிசையான கட்டிகளும் தோன்றினால் முதலுதவிக்கு இடமில்லை. அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம். மனிதரையும் தொற்றிக் கொல்லவல்லது. குதிரையைத் தனியே கட்டி, வெறுங்கையால் தொடாது, கால்நடைத் துறைக்கு அறிவித்தல் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். இரத்த மாதிரியை ஹரியானாவின் ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் சோதித்து நோயை உறுதி செய்யும்.