காலை எடுத்தால் ஊளையிடும் கிரௌன்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் டீசல் ஜீப் வகை வண்டி, ரியர் வீல் டிரைவ். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிரௌன் ஹவுசிங்கின் முன்பக்கம் ஆயில் கசிந்ததால் சில மாதங்களுக்கு முன் உள்ளூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பினியன் ஆயில் சீல் மாற்றினேன். கசிவு நின்றுவிட்டது. ஆனால் சில வாரங்களில் வேறொன்று ஆரம்பித்தது. வண்டி 60-ஐத் தொட்டதும் பின்னாலிருந்து 'ஊய்ங்' என்று சத்தம் கிளம்புகிறது. 80 வரை கூடவே வருகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதிகமாகிறது, மிதித்தால் கொஞ்சம் அடங்குகிறது. நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் செய்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு மெக்கானிக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கிரௌன் பினியன் செட்டையே மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர், டயர் சத்தம்தான், விட்டுத்தள்ளுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? அதுவரை ஓட்டலாமா?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: மூவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். சீல் மாற்றிய பிறகு சத்தம் வந்தது, காலை எடுத்தால் கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் பினியன் நட்டின் மேல்தான் போகிறது. (பின் ஆக்சிலில் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரௌன், அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரம் பினியன்.) ஆனாலும் ஹவுசிங்கைத் திறப்பதற்கு முன் மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். அதற்குக் காலியான ரோடும், காது கொடுத்துக் கேட்க உடன் ஒரு ஆளும் போதும்.

முதலில் டயர். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் குணமே மாறினால் அது டயர். உங்களுக்குக் கால் எடுப்பதற்கும் வைப்பதற்கும் சத்தம் மாறுகிறது. டயருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அடுத்தது வீல் பேரிங். 60-இல் போகும்போது அகலமான ரோட்டில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். இடப்பக்கம் ஒடிக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது சத்தம் ஏறினால் வலது பேரிங்கைப் பாருங்கள். எதிர்ப்பக்கமும் இப்படியே.

கியர் பாக்ஸ் மீதான குற்றச்சாட்டு எனக்கு வலுவாகத் தெரியவில்லை. வண்டி நியூட்ரலில் நின்று கிளட்ச் பெடல் மேலே இருக்கும்போதும் இன்புட் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அவற்றின் பேரிங் போயிருந்தால் நின்ற இடத்திலேயே ஏதாவது கேட்டிருக்கும். மிச்சச் சந்தேகத்தையும் தீர்க்க, அதே 60-இல் ஒருமுறை நான்காவது கியரிலும் ஒருமுறை ஐந்தாவதிலும் ஓட்டுங்கள். எஞ்சின் வேகம் மாறும், சக்கர வேகம் மாறாது. சத்தத்தின் சுருதி இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான். பிறகு கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருளவிடுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் ஊளை தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் கணக்கில் இல்லை. இந்தச் சோதனையில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்குக்கு வேக்குவம் உதவியும் கிடைக்காது.

சுருதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் வண்டியில் 215/75 ஆர்15 டயர் என்றால், 60-இல் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய எட்டு சுற்று சுற்றும். கிரௌனில் 41 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு முந்நூறு முறைக்கு மேல் பல்லோடு பல் சேருகிறது. அதனால்தான் பல் சத்தம் ஒரே ஸ்வரத்தில் பாடுவதுபோல் வரும். பேரிங் சத்தம் பெரும்பாலும் கரகரவென்று அடித்தொண்டையில் இருக்கும். ரிவர்ஸ் கியரில் வரும் ஊளையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பல வண்டிகளில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, சத்தம் போடத்தான் செய்யும்.

இனி பினியனுக்கு வருவோம். பினியனை முன்னும் பின்னும் இரண்டு டேப்பர் பேரிங்குகள் பிடித்திருக்கின்றன. அவை சரியான இறுக்கத்தில், அதாவது பிரீலோடில், இருந்தால்தான் பினியன் அசையாமல் கிரௌனோடு சேரும். பல வண்டிகளில் இந்த இறுக்கத்தைத் தருவது இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்கும் நசுங்கும் ஸ்லீவ். அதை ஒருமுறைதான் நசுக்க முடியும். சில வண்டிகளில் ஸ்லீவுக்குப் பதில் ஷிம் இருக்கும். இறுக்கத்தை வைப்பது பினியன் முனையில் உள்ள நட்டு; சீல் மாற்ற வேண்டுமானால் அந்த நட்டைக் கழற்றாமல் முடியாது. விவரம் தெரிந்தவர் கழற்றுமுன் நட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் மார்க் போடுவார், பினியனைச் சுற்ற எவ்வளவு விசை ஆகிறது என்று அளப்பார், மாட்டும்போது அதே அளவுக்குக் கொண்டுவருவார். அவசரக்காரர் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து அழுத்திவிடுவார். கூடுதலாக இறுகினால் பேரிங் சூடேறித் தேயும். குறைவாக இறுகினால் பினியன் முன்பின் ஆடும். காலை எடுத்ததும் பினியன் மேல் வரும் தள்ளு எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. ஆட்டம் இருந்தால் பினியன் அந்த நேரத்தில் நூலளவு நகர்ந்து, பற்கள் சேரும் இடமே மாறிவிடும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்தச் சத்தமாகத்தான் இருக்கும்.

இதைக் கையாலேயே பார்க்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றச் சொல்லுங்கள். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். சுற்றுவாக்கில் சிறிது பிளே இருக்கலாம், அது இயல்பு. முன்பின்னாக துளியும் அசையக் கூடாது. அசைந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அப்படியே ஆயிலையும் பாருங்கள். சீல் மாற்றியவர்கள் கசிந்துபோன அளவுக்குத் திரும்ப ஊற்றினார்களா என்பதே சந்தேகம்! ஃபில்லர் பிளக்கைக் கழற்றினால் ஆயில் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். பெரும்பாலான பின் ஆக்சில்களில் ஹைபாய்டு கியர். பினியன் கிரௌனின் மையத்துக்குக் கீழே அமைவதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். 1926-இல் பேக்கார்டு கார்களில் வந்த இந்த அமைப்பால் புரப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் சாதா கியர் ஆயில் இதற்குத் தாங்காது. கையேட்டில் போட்டிருக்கும் தரம், பெரும்பாலும் ஜிஎல்-5, வேண்டும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிற மைபோல ஒட்டியிருந்தால் கவலையில்லை. விரலில் குத்தும் துணுக்குகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஹவுசிங்கின் பிரீதரையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும்.

அப்படியானால் கிரௌன் பினியன் மாற்ற வேண்டுமா? உடனே வேண்டாம். புது பேரிங், புது ஸ்லீவ், புது சீல் போட்டு, பிரீலோடைச் சுற்றும் விசையை அளந்தும், பற்களுக்கு இடையிலான பிளேயை, அதாவது பேக்லாஷை, டயல் கேஜிலும் வைத்து, பல்லில் நீலம் தடவிப் பதிவு பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பல்லின் நடுவே விழுந்து, பல்லில் தேய்மானமும் இல்லையென்றால் பழைய செட்டே ஓடும். தவறான இடத்தில் பல் தேய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஊளை போகாது. அப்போது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கிரௌனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கெட்டி ஆயில் ஊற்றி அடக்குகிறேன் என்பவரிடமும் வேண்டாம். பழைய வண்டியை விற்பதற்குக் கிரௌனில் மரத்தூள் போட்ட தந்திரத்தின் தம்பிதான் அது.

அதுவரை உள்ளூருக்குள் 50-க்குக் கீழே, பாரம் ஏற்றாமல் ஓட்டலாம். கடகடவென்று அடித்தாலோ, ஹவுசிங்கிலிருந்து கருகிய ஆயில் வாடை வந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பினியன் பேரிங் உடைந்தால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். இழுத்துப்போக நேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கியோ லாரியில் ஏற்றியோ கொண்டுபோங்கள். புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சக்கரம் உருளும்வரை கிரௌனும் பினியனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.