ஒரு விகுதியும் ஒரு தீர்ப்பும்

வித்தோரியோ தெ சிகா இயக்கி 1948இல் வெளிவந்த இத்தாலியத் திரைப்படத்தின் மூலப்பெயர் 'சைக்கிள் திருடர்கள்' எனப் பொருள்படும் பன்மைத் தொடராகும். 1949இல் அமெரிக்காவில் திரையிட்டோர் அதனைச் 'சைக்கிள் திருடன்' என ஒருமையாக்கினர். இம்மாற்றம் சிறிதா என ஈண்டு ஆராய்வோம்.

ரோம் நகரில் சுவரொட்டி ஒட்டும் வேலை பெற்ற அந்தோனியோ, அவ்வேலைக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுக்கிறான். சிறுவனாகிய மகன் புரூனோவுடன் நகரெங்கும் தேடுகிறான். களவாடியவனாகக் கருதப்படும் இளைஞனின் வீட்டிலும் வறுமையே குடிகொண்டிருக்கிறது. இறுதியில் அந்தோனியோவே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். சிறுவனைக் கண்டு இரங்கிய உரியவர் அவனை விட்டுவிடுகிறார். நாணிக் கண்ணீர் உகுத்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான்.

ஒருமைப் பெயர் குற்றத்தை ஒருவன்மேல் சுமத்தி நம்மை விலக்கி நிறுத்துகிறது. பன்மையோ, வறுமை நல்லவனையும் அவ்வரிசையில் சேர்த்துவிடும் என்கிறது. 2007இல் கிரைட்டீரியன் நிறுவனம் இப்படத்தை வீட்டில் காணும் டிவிடியாக அமெரிக்காவில் வெளியிட்டபோது பன்மைப் பெயரையே சூட்டியது. 58 ஆண்டுகளுக்குப் பின் விகுதி தன்னிடத்தில் வந்தமர்ந்தது.

விகுதியை மாற்றும் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பையும் மாற்றிவிடக்கூடும் என்பதை மொழி பயிலும் நாம் நினைவிற் கொள்வோமாக.