புகைக்கு விலை வைத்தால் போதுமா?

அன்புள்ள கயல்,

"காசு இருந்தால் புகை விடலாம் என்பது என்ன நியாயம்?" என்று கேட்டு எழுதியிருந்தாய். கோபம் சரிதான். அது யார் மேல் போக வேண்டும் என்று தெரிய, 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய உமிழ்வு வணிகத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மின்நிலையங்களும் பெரிய ஆலைகளும் மொத்தமாக இவ்வளவுதான் கரியமில வாயு விடலாம் என்று முதலில் ஓர் உச்சவரம்பு. அதற்குள் டன்னுக்கு ஓர் அனுமதி. ஒரு டன்னைக் குறைக்க ஓர் ஆலைக்கு 20 யூரோவும் இன்னொன்றுக்கு 80 யூரோவும் ஆகிறது என்று வைத்துக்கொள். முதல் ஆலை கூடுதலாகக் குறைத்து, மிஞ்சிய அனுமதியை 50 யூரோவுக்கு விற்கும். இருவருக்கும் 30 யூரோ மிச்சம். மொத்தப் புகை ஒரு டன்கூட ஏறாது.

நடந்தது வேறு. முதல் கட்டத்தில் அனுமதிகள் பெரும்பாலும் இலவசம்; அதுவும் தேவைக்கு மேல். உண்மையான உமிழ்வுக் கணக்கு 2006-இல் வெளியானதும் விலை சரிந்தது. 2007 முடிவில் கிட்டத்தட்ட பூஜ்யம். அதற்குள் மின் நிறுவனங்கள், ஓசியில் கிடைத்த சினிமா டிக்கெட்டை விலைக்கு விற்பதுபோல, இலவச அனுமதிக்கும் சந்தை விலை போட்டு மின்சார விலையில் ஏற்றி லாபம் பார்த்துவிட்டன. சுமை வீட்டுக்காரர் தலையில்.

பிறகு திருத்தினார்கள். 2013 முதல் மின்துறைக்குப் பெரும்பாலும் ஏலம்தான். உச்சவரம்பும் ஆண்டுதோறும் இறங்கியது. 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தொட்டது. அந்த ஆண்டு, இத்திட்டத்தில் அடங்கிய மின்நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு 2005-ஐவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவு. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் கிடைத்த தனி ஆதரவுக்கும் இதில் பங்கு உண்டு.

2026 முதல் இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட், அலுமினியத்துக்கும் ஒன்றியம் கார்பன் கட்டணம் விதிக்கிறது. இல்லாவிட்டால் ஆலைகள் வெளிநாட்டுக்கு ஓடிவிடும் என்கிறது. நூறாண்டுக்கு மேல் நிலக்கரி எரித்து வளர்ந்தவர்கள் எங்களிடம் அதே விலை கேட்பதா என்கிறது இந்தியா. அந்தப் பணம் ஏழை நாடுகளின் மாற்றத்துக்குத் திரும்பாதவரை இந்தியாவின் வாதமே எனக்கு எடை கூடியதாகப் படுகிறது.

அதற்காக நம் திட்டத்தைச் சும்மா விட்டுவிடாதே. 2023-இல் இந்தியா அறிவித்த கார்பன் வணிகத்தில் மொத்த உச்சவரம்பு கிடையாது. உற்பத்தியாகும் பொருளின் ஒரு டன்னுக்கு இவ்வளவு புகை என்றுதான் இலக்கு. உற்பத்தி பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம். ஆகவே விலையைப் பார்க்கும் முன் இரண்டைக் கேள்: வரம்பு இறங்குகிறதா? வரும் பணம் யார் கைக்குப் போகிறது?

அன்புடன்,
மாமா